மலைக் குழந்தையும் பட்டணத்து மருந்தும்

குழந்தைக்குப் புற்றுநோய் என்ற சொல் காதில் விழுந்தவுடன் நம்மவர்களில் பெரும்பாலோர் தலையைக் குனிந்துகொண்டு பேச்சை மாற்றிவிடுகிறார்கள். விதி என்பார் சிலர். முன்வினை என்பார் சிலர். வந்தபின் பிழைப்பது ஏது என்று கை விரிப்பார் பலர். இம்மூன்றும் பிழை என்பதை முதலிலேயே சொல்லிவிட விரும்புகிறோம். செல்வம் கொழிக்கும் தேசங்களில் இந்நோய் கண்ட குழந்தைகளில் 100க்கு 80 பேருக்கு மேல் பிழைத்துவிடுகிறார்கள். வருமானம் குறைந்த தேசங்களிலோ 30 பேர்கூடத் தேறுவதில்லை என்று உலக சுகாதார ஸ்தாபனம் கணக்கிட்டிருக்கிறது. நோய் ஒன்றுதான், மருந்தும் பெரும்பாலும் ஒன்றுதான், குழந்தையின் உடம்பும் எங்கும் ஒன்றுதான். அப்படியிருக்க, இடையிலுள்ள 50 உயிர்களைக் கொண்டுபோவது எது? இந்தக் கேள்வியைப் பட்டணத்து ஆஸ்பத்திரி வாசலில் நின்று கேட்பதைவிட, தர்மபுரி ஜில்லாவிலுள்ள சித்தேரி மலையில் நின்று கேட்டால் விடை தெளிவாகக் கிடைக்கும் என்பது நமது எண்ணம்.

மலையிலிருந்து பட்டணம் வரை

அரூருக்குத் தெற்கே, கிழக்குத் தொடர்ச்சி மலைகளில் சித்தேரி இருக்கிறது. அதைச் சூழ்ந்து பல சிற்றூர்கள் மலைமுகடுகளிலும் பள்ளத்தாக்குகளிலும் சிதறிக் கிடக்கின்றன. அங்கு வாழ்வோரில் பெரும்பாலோர் மலையாளிகள் என்ற பழங்குடியினர். பெயரைக் கேட்டு அவர்களைக் கேரளத்தார் என்று எண்ணிவிடலாகாது, பேசுவது தமிழ், தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் என்பது அவர்களது பரம்பரைக் கதை. சாமையும் கேழ்வரகும் மரவள்ளியும் விளைவிக்கிறார்கள். விளைச்சல் வயிற்றுக்குப் போதாத மாதங்களில் திருப்பூருக்கும் கேரளத்துக்கும் கூலிக்குப் போகிறார்கள். அண்மைக் காலம்வரை கலசப்பாடி, அரசநத்தம் போன்ற ஊர்களுக்கு வண்டி போகும் பாதையே கிடையாது. நோயாளியைத் தொட்டிலில் கிடத்தி, கழியில் கட்டி, நால்வர் தோள் மாற்றிச் சுமந்து அடிவாரத்துக்கு இறக்குவார்கள். சாலை வேண்டுமென்று அம்மக்கள் கேட்டுக்கொண்டிருந்த காலம் ஒரு தலைமுறைக்கும் அதிகம்.

இம்மலையில் ஆறு வயதுக் குழந்தை ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். நாம் கூறும் குழந்தை கற்பனையே. அது போகவேண்டிய வழி கற்பனையன்று. முதலில் ஜுரம் வருகிறது. விட்டு விட்டு வருகிறது. முகம் வெளுக்கிறது. கால் வலிக்கிறது என்று நடக்க மறுக்கிறது. அடிபடாமலே தோலில் நீலத் தழும்புகள் தோன்றுகின்றன. மலைஜுரம் என்று ஒரு வாரம், குலதெய்வத்துக்கு நேர்ந்துகொண்டு ஒரு வாரம், அடிவாரத்து மருந்துக்கடை மாத்திரையில் ஒரு வாரம் கழிகிறது. சித்தேரி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும், பிறகு அரூருக்கும், அங்கிருந்து தர்மபுரிக்கும் அல்லது சேலத்துக்கும் போய் இரத்தத்தைச் சோதித்த பிறகே அது இரத்தப் புற்று என்று தெரியவருகிறது. அடுத்த சொல் சென்னை. மொரப்பூரில் ரயிலேறவேண்டும், அன்றேல் அரூரில் பஸ் பிடிக்கவேண்டும். காஞ்சியிலிருந்து மலையேறியவர்களின் பேரப்பிள்ளை, காஞ்சியையும் தாண்டிப் பட்டணத்துக்கு, ஏறக்குறைய 300 கிலோமீட்டர் வழி இறங்கி வரவேண்டியிருக்கிறது.

வந்தால் பிழைக்க வழியுண்டா? உண்டு. அவ்வழியைத் திறந்தவர்களில் நம்மவர்களும் இருந்தார்கள் என்பதை நமது வாசகர்களில் பலர் அறியார்.

கதர் உடுத்திய மாணவர்

1895ஆம் ஆண்டு பீமவரத்தில் பிறந்த யெல்லாப்ரகத சுப்பாராவ் சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். அந்நியத் துணியைத் துறக்குமாறு மகாத்மா விடுத்த அழைப்பை ஏற்று, அறுவை சிகிச்சைக் கூடத்திலும் கதர் அங்கியே அணிந்தார். ஆங்கிலேயப் பேராசிரியரின் கோபத்துக்கு அது காரணமாயிற்று. முழுப் பட்டத்துக்குப் பதிலாகத் தாழ்ந்த தகுதிப் பத்திரமே அவருக்குக் கிடைத்தது. கடல் கடந்து அமெரிக்கா சென்றார். போலிக் அமிலம் என்ற சத்துப் பொருளை ஆராய்ந்தார். பின்னர் அவர் தலைமையில் லெடர்லி ஆய்வுக்கூடத்தார் அதற்கு எதிராக வேலை செய்யும் பொருள்களையும் ஆக்கினார்கள். இரத்தப் புற்று அணுக்கள் பெருகுவதற்குப் போலிக் அமிலம் தேவை. அதைத் தடுத்தால் அவை பட்டினியில் வாடும். இவ்வுண்மையைக் கொண்டு பாஸ்டன் நகரில் டாக்டர் சிட்னி பார்பர் 16 குழந்தைகளுக்கு அம்மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். 10 குழந்தைகளிடம் நோய் தணிந்தது. 1948 ஜூனில் அச்செய்தி வெளியாயிற்று. அந்தத் தணிவு நிலைக்கவில்லை என்பது மெய்யே. ஆயினும் இந்நோயை மருந்து பணியவைக்கும் என்று உலகம் கண்டது அன்றுதான். அதே ஆண்டு ஆகஸ்டில் சுப்பாராவ் தாய்நாடு திரும்பாமலே காலமானார். அம்மருந்தின் உடன்பிறப்பான மெத்தோட்ரெக்ஸேட் இன்றளவும் இரத்தப் புற்றுக் குழந்தைகளுக்குக் கொடுக்கப்பட்டு வருகிறது. அதனுடன் சேரும் மற்றொரு மருந்தான வின்கிறிஸ்டின், நமது கோயில் நந்தவனங்களிலும் சுடுகாட்டு ஓரங்களிலும் பூக்கும் நித்தியகல்யாணிச் செடியிலிருந்து எடுக்கப்படுவது.

அதே மருத்துவக் கல்லூரியில் 1912இல் தேறிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரைத் தமிழ்நாட்டார் அறிவார்கள். காந்தியடிகள் சிறைப்பட்ட 1930இல் சட்டசபைப் பதவியைத் துறந்தவர் அவர். தம் தங்கை புற்றுநோயால் வருந்தி மாண்டதைக் கண்ட அம்மையார், இந்நோய்க்கெனத் தனி வைத்தியசாலை காணவேண்டும் என்று உறுதி பூண்டார். சாகப்போகிறவர்களுக்கு ஆஸ்பத்திரி எதற்கு என்ற மனப்பான்மையே அந்நாளில் அதிகாரத்தில் இருந்தோரிடமும் காணப்பட்டது. அவர் சளைக்கவில்லை. 1954இல் அடையாற்றில் 12 படுக்கைகளுடன் புற்றுநோய் நிலையம் திறக்கப்பட்டது. அவர் குமாரர் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955இல் வந்து சேர்ந்து 2021இல் மறையும்வரை அங்கேயே உழைத்த டாக்டர் சாந்தாவும் அதனை வளர்த்தார்கள். அந்நிலையமும், பம்பாய் டாட்டா நினைவு வைத்தியசாலையும், டெல்லி எய்ம்ஸும் ஒரே சிகிச்சை முறையை மேற்கொண்டு 1980களின் நடுவிலிருந்து குழந்தைகளின் இரத்தப் புற்றுக்கு வைத்தியம் செய்தன. எம்.சி.பி. 841 என்பது அம்முறையின் பெயர். அதற்கு முன் 100க்கு 20 என்ற அளவில் இருந்த பிழைப்பு, பாதியை எட்டிற்று. சில இடங்களில் பாதியைத் தாண்டியது. நமது மருத்துவர்கள், நமது ஏழைக் குழந்தைகளைக்கொண்டே நிலைநாட்டிய உண்மை இது.

பாதி வழியில் நிற்கும் சிகிச்சை

ஆகவே மருந்து இருக்கிறது, மருத்துவர் இருக்கிறார்கள். பிறகு குழந்தை ஏன் மாள்கிறது? நோய் இன்னதென்று கண்டறியப்படாமலே மாள்வது ஒரு காரணம். தொடங்கிய சிகிச்சை பாதியில் கைவிடப்படுவது இன்னொரு காரணம். இந்த இரண்டாவது காரணத்தைப் பற்றியே இன்று சற்று விரிவாகக் கூற விரும்புகிறோம்.

இரத்தப் புற்றுக்குச் சிகிச்சை இரண்டரை ஆண்டு முதல் மூன்று ஆண்டு வரை நீடிப்பது. முதல் சில மாதங்கள் கடுமையானவை. மருந்து நோயணுக்களை அழிக்கும்போது நோயை எதிர்க்கும் வெள்ளணுக்களையும் சேர்த்தே குறைத்துவிடுகிறது. அச்சமயம் அசுத்தமான தண்ணீரும், பழைய சோறும், நடைபாதைப் படுக்கையும் புற்றைவிடக் கொடிய எமனாகிவிடும். அந்நாட்களில் ஜுரம் கண்டால் சில மணி நேரத்துக்குள் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரவேண்டும். விடியட்டும் என்று காத்திருப்பதற்கில்லை. சாப்பாடின்றி மெலிந்த குழந்தைக்கு மருந்தை முழு அளவில் கொடுக்கவும் இயலாது. இவற்றிலிருந்து விளங்குவது என்ன? சுத்தமான ஓர் அறையும், காய்ச்சி ஆறிய நீரும், முட்டையும் பருப்பும் தர்மத்துக்காகக் கொடுக்கப்படும் உபகாரங்கள் என்று கருதுவது தவறு. அவை ஊசி மருந்தைப் போலவே சிகிச்சையின் உறுப்புகள்.

அடுத்த கட்டம் இன்னும் அபாயகரமானது. ஏனெனில் அது அபாயமாகத் தோன்றுவதில்லை. ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் தினமும் ஒரு மாத்திரை, வாரத்துக்கு ஒரு முறை இன்னொரு மாத்திரை, இடையிடையே இரத்தப் பரிசோதனை. உதிர்ந்த தலைமயிர் முளைத்துவிட்டது. குழந்தை ஓடுகிறது, ஆடுகிறது. தகப்பன் நினைக்கிறான்: “பிள்ளைதான் தேறிவிட்டதே, இன்னும் எதற்குப் பட்டணம்?” அவனைக் குறைகூற நமக்கு நா எழவில்லை. ஒவ்வொரு முறையும் இருவர் கூலி போகிறது, வீட்டில் விட்டுவந்த மற்றக் குழந்தைகள் பாட்டியின் பொறுப்பில் கிடக்கின்றன, ஆட்டை விற்றாயிற்று, நிலத்தின் பேரில் கடன் வாங்கியாயிற்று. ஒரு தடவை தவறுகிறது. மறு தடவையும் தவறுகிறது. ஒளிந்துகொண்டிருந்த நோய் திரும்பிவருகிறது. வரும்போது முன்னைய மருந்துக்கு அடங்காத பலத்தோடு வருகிறது. பெண் குழந்தையாயிருந்தால் இந்தக் கணக்கு இன்னும் விரைவில் முடிந்துவிடுகிறது. இந்திய ஆஸ்பத்திரிகளின் பதிவேடுகளில் ஆண் குழந்தைகளைவிடப் பெண் குழந்தைகள் குறைவாயிருப்பதற்கு இயற்கை மட்டுமே காரணம் என்று யாரும் சாதிக்க முடியாது.

உள்ள உதவியும் இல்லாத உதவியும்

உதவியே இல்லை என்று நாம் சொல்லவரவில்லை. 2009இல் தொடங்கி, 2012இல் திருத்தியமைக்கப்பட்ட ராஜ்ய சர்க்காரின் காப்பீட்டுத் திட்டம், 2018இல் மத்திய சர்க்காரின் திட்டத்துடன் இணைந்து, ஏழைக் குடும்பத்துக்கு ஆண்டொன்றுக்கு 5 லட்சம் ரூபாய் வரை ஆஸ்பத்திரிச் செலவை ஏற்கிறது. புற்றுநோயாளிக்கு ரயிலில் தூங்கும் வகுப்பில் கட்டணமே இல்லை. துணைக்குச் செல்பவருக்கு 100க்கு 75 பங்கு சலுகை. 2006இல் பம்பாயில் தோன்றிய செயின்ட் ஜூட் இந்தியா குழந்தைகள் இல்லங்கள் இன்று சென்னை உட்படப் பல நகரங்களில் நடைபெறுகின்றன. வெளியூரிலிருந்து சிகிச்சைக்கு வரும் குழந்தைக்கும் பெற்றோருக்கும் அங்கே கட்டணமின்றித் தனி இடம் கொடுக்கிறார்கள். உணவுப் பொருளைக் கொடுத்து, தாயே தன் கையால் சமைத்துப் போட அடுப்பும் கொடுக்கிறார்கள். இது நாம் மிகவும் பாராட்டும் ஏற்பாடு. கையேந்தி நிற்கும் தாயின் சோற்றைவிட, தான் ஆக்கிய சோறே குழந்தையின் உடம்பில் ஒட்டும்.

இவ்வகை ஆதரவு என்ன செய்யும் என்பதற்கு டாட்டா நினைவு வைத்தியசாலையே சாட்சி. 2010ஐ ஒட்டிய காலத்தில் அங்கு வந்த குழந்தைகளில் 100க்கு 20 பேர் வரை பாதியிலேயே சிகிச்சையை விட்டுப் போனார்கள். தங்குமிடம், உணவு, பணம், ஆறுதல், வராதவர்களை அழைத்து விசாரித்தல் ஆகியவற்றை ஒன்றாகத் திரட்டிய பின், அத்தொகை சில ஆண்டுகளிலேயே 5க்கும் கீழே இறங்கிற்று. புது மருந்து கண்டுபிடித்து அடைந்த வெற்றியன்று இது. குடும்பத்தைத் தாங்கிப் பிடித்ததால் அடைந்தது.

எனினும், காப்பீட்டு அட்டை படுக்கைக்கும் ஊசிக்கும் பணம் கட்டும். இழந்த கூலிக்குக் கட்டாது. ரயில் சலுகை மொரப்பூரில் தொடங்கும். மலையிலிருந்து மொரப்பூருக்கு இறங்குவது அவரவர் பாடு. அட்டை பெறுவதற்கு வருமானச் சான்று வேண்டும். சலுகைக்கு ஆஸ்பத்திரிச் சான்று வேண்டும். எழுத்தறியாத தாய் ஒருத்தி, மடியில் ஜுரக் குழந்தையுடன், எந்த ஜன்னலில் எந்தக் காகிதத்தை நீட்டுவது என்று அறியாமல் அலைவதைப் பட்டணத்து ஆஸ்பத்திரிகளுக்குச் சென்றவர்கள் கண்டிருப்பார்கள். உதவி இருப்பது வேறு. உதவி கைக்கு வந்து சேர்வது வேறு.

நாம் வேண்டுவன

முதலாவதாக, காசநோயாளிக்கு உணவுக்கென மாதம் 500 ரூபாய் என்று 2018இல் தொடங்கி, 2024 நவம்பரில் அதனை 1,000 ரூபாயாக உயர்த்திய சர்க்கார், உணவும் சிகிச்சையே என்ற தத்துவத்தை ஏற்கெனவே ஒப்புக்கொண்டுவிட்டது. கர்ப்பிணிகளுக்கு உதவித்தொகை அளிக்கும் ராஜ்ய சர்க்காரின் திட்டமோ முத்துலட்சுமி அம்மையாரின் பெயரையே தாங்கி நிற்கிறது. அதே நியாயத்தைப் புற்றுநோய்க் குழந்தைக்கும் நீட்டி, சிகிச்சை முடியும்வரை அதன் குடும்பத்துக்கு மாதந்தோறும் ஒரு தொகை அளிப்பதுதான் முறை. இக்குழந்தைகளின் எண்ணிக்கை காசநோயாளிகளின் எண்ணிக்கையில் சிறு பங்குகூட இராது, கஜானா காலியாகிவிடாது.

இரண்டாவதாக, மாத்திரையும் இரத்தப் பரிசோதனையுமான அந்த இரண்டு ஆண்டுக் காலத்துக்கு ஒவ்வொரு முறையும் சென்னைக்கு வந்துதான் ஆகவேண்டுமா? 2008 முதல் தர்மபுரியில் சர்க்கார் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அடையாற்று அல்லது எழும்பூர் நிபுணர்களின் மேற்பார்வையில் அங்கேயே இதை நடத்தலாம். ஜுரம் கண்டால் முதல் ஊசியை அரூரிலேயே போட்டு அனுப்பும் பயிற்சியும் அளிக்கலாம். மலைமக்களுக்கு அவர்கள் மத்தியிலேயே ஊழியர்களைப் பழக்க முடியாது என்று சொல்வோர், அருகிலுள்ள சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கைப் போய்ப் பார்க்கட்டும். 1993இல் அங்கு வந்த டாக்டர் ரெஜி ஜார்ஜும் டாக்டர் லலிதாவும் பழங்குடிப் பெண்களையே பயிற்றுவித்து வைத்தியம் நடத்தினார்கள். அவர்கள் வந்தபோது பிறக்கும் 1,000 குழந்தைகளில் 147 குழந்தைகள் ஓராண்டுக்குள் மடிந்துகொண்டிருந்தன. பின்னர் அத்தொகை 20ஐ ஒட்டி இறங்கிற்று. சித்தேரி அங்கன்வாடி ஊழியருக்கும் கிராம செவிலியருக்கும், ஆறாத ஜுரம், வெளுத்த முகம், காரணமற்ற தழும்பு, வயிற்றுக் கட்டி, கண்மணியில் பூனைக் கண் போன்ற வெள்ளொளி என்ற இந்த ஐந்து அடையாளங்களைக் கற்பிக்க எத்தனை நாள் வேண்டும்?

மூன்றாவது, நமது கட்சி ஊழியர்களுக்கு. தேர்தல் காலத்தில் அம்மலைக்கு நடந்தே ஏறும் சக்தி உங்களுக்கு உண்டு என்பதை நாடு அறியும். மற்றக் காலத்திலும் ஏறுங்கள். நோய் கண்ட குழந்தை இருக்குமானால் அதன் குடும்பத்துக்குச் சான்றுகளைப் பெற்றுக்கொடுங்கள். முதல் தடவை ஒருவர் கூடவே சென்று ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வாருங்கள். இக்குழந்தைகளுக்கு இரத்தமும் இரத்தத் தட்டணுக்களும் அடிக்கடி தேவைப்படும். சென்னையில் வேலை பார்க்கும் தர்மபுரி இளைஞர்கள் ஒரு பட்டியல் வைத்துக்கொண்டு முறைபோட்டுக் கொடுக்கலாம். தவணைக்குப் போகாத குடும்பத்தை மறுநாளே சென்று விசாரியுங்கள். மேடையில் பேசும் 100 பிரசங்கங்களைவிட இந்த ஒரு விசாரிப்பு பெரிது.

பிழைத்தவர்கள்

கடைசியாக, பிழைத்துவிட்ட குழந்தைகளைப் பற்றி. சிகிச்சை முடிந்த அன்றே கதை முடிந்துவிடுவதில்லை. சில மருந்துகள் பல ஆண்டுகள் கழித்து இருதயத்தைத் தாக்கும்; தலையில் செலுத்திய கதிர்கள் படிப்பில் மந்தத்தை உண்டாக்கலாம்; வளர்ச்சி குன்றலாம். ஆகையால் வருஷத்துக்கு ஒரு முறையாவது பரிசோதனை வேண்டும். பம்பாயில் 1991 முதலே இதற்கெனத் தனிப் பிரிவு நடக்கிறது. மூன்றாண்டு பள்ளியை விட்ட பிள்ளையை ஆசிரியர் மீண்டும் வகுப்பில் உட்காரவைக்கவேண்டும். இது தொத்துநோய் அல்லவென்று மற்றப் பிள்ளைகளின் பெற்றோருக்கும் சொல்லவேண்டும்.

இதனினும் பெரிய கஷ்டம் ஒன்று உண்டு. பிழைத்த பிள்ளைக்கு இந்நோய் வந்ததென்பதையே குடும்பத்தார் மறைத்துவிடுகிறார்கள். பெண்ணாயின் கல்யாணம் தடைப்படுமென்று முற்றிலும் மறைக்கிறார்கள். இதன் விளைவைக் கவனியுங்கள். இறந்த குழந்தையை ஊர் அறிகிறது. பிழைத்த குழந்தையை ஊர் அறிவதில்லை. ஆகவே புற்று என்றால் சாவு என்ற எண்ணம் ஊரில் கல்லாய் நிலைத்துவிடுகிறது. அடுத்த குழந்தைக்கு நோய் வரும்போது, பட்டணம் போய் என்ன பயன் என்று தொடக்கத்திலேயே கையைக் கட்டிக்கொள்கிறார்கள். ஒருவர் மறைவு மற்றொருவர் மரணத்துக்குக் காரணமாகிறது. பம்பாயில் 2009இல் பிழைத்த இளைஞர்களே ‘உகம்’ என்று ஒரு சங்கமாகக் கூடி, தாங்கள் நோயினின்றும் மீண்டவர்கள் என்று வெளிப்படையாகச் சொல்லி, சிகிச்சையிலிருக்கும் குழந்தைகளுக்குத் தைரியம் அளித்துவருகிறார்கள். அந்தத் துணிவு நமது கிராமங்களிலும் பரவவேண்டும். அது பரவுவதற்கு, அவர்களை இழிவாகப் பார்ப்பதை நாம் முதலில் விட்டொழிக்கவேண்டும்.

2030ஆம் ஆண்டுக்குள் உலகெங்கும் இந்நோய் கண்ட குழந்தைகளில் 100க்கு 60 பேரையேனும் பிழைக்கச் செய்வது என்று 2018இல் உலக சுகாதார ஸ்தாபனம் குறிக்கோள் வகுத்தது. அந்த 60க்குள் அடையாற்றுக்கு அருகில் பிறந்த குழந்தை எளிதில் அடங்கிவிடும். சித்தேரியில் பிறந்த குழந்தை அடங்குமா என்பதே கேள்வி. கதர் உடுத்திய ஒரு மாணவர் காட்டிய வழியில் மருந்து வந்தது. பதவியைத் துறந்த ஓர் அம்மையார் வைத்தியசாலை கண்டார். மலையிலிருந்து அந்த வைத்தியசாலைக்கு ஒரு தாயை அழைத்துவந்து, மூன்று ஆண்டு அவள் மனம் தளராமல் தாங்கிக்கொள்ளும் வேலை ஒன்றே மிச்சமாயிருக்கிறது. அதற்கு மேதாவிலாசம் வேண்டாம். அயராத மனம் போதும். அவ்வளவு சிறிய வேலையைச் செய்யாமல் ஒரு குழந்தையைப் பறிகொடுத்தோமானால், விதியின்மேல் பழிபோட நமக்கு உரிமையில்லை.